மறைப்பற்ற விளையாட்டு விசையுந்தை மதிப்பிடல்

மறைப்பற்ற விளையாட்டு விசையுந்து என்பது பந்தய வகை மோட்டார் சைக்கிள்களுக்கு நெருக்கமான எஞ்சின், சட்டகம், பிரேக் ஆகியவற்றைக் கொண்டிருந்தும், அவற்றின் முன்புறத்தையும் பக்கங்களையும் மூடும் காற்றுமறைப்பு இல்லாமல் அமைக்கப்படும் சாலை விசையுந்து ஆகும். எஞ்சினும் சட்டகமும் வெளியே தெரிவதால் இவ்வகை வண்டிகள் நேக்கட் பைக் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகின்றன. இவற்றுள் பெரியவை 100 முதல் 200 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட திறனை வெளிப்படுத்துகின்றன.

இத்தகைய வண்டியை வாங்குமுன் அதன் உயர்ந்தபட்சத் திறனையே பலர் முதலில் பார்க்கின்றனர். எனினும் அத்திறனில் பெரும்பகுதியைச் சாலையில் பயன்படுத்த இயற்பியலும் சட்டமும் இடம் தருவதில்லை. திறன் எவ்வாறு வெளிப்படுகிறது, வண்டி எவ்வாறு நிற்கிறது, ஓட்டுபவருக்கு அது எந்த அளவு கட்டுப்படுகிறது என்பனவே மதிப்பீட்டில் முதன்மையானவை. இக்கட்டுரை அம்மதிப்பீட்டின் அடிப்படைகளை, ஆஸ்திரிய நாட்டின் கேடிஎம் நிறுவனம் தயாரித்த 1290 சூப்பர் டியூக் ஆர் என்ற வண்டியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாறு

காற்றுமறைப்பு பரவலாவதற்கு முன் எல்லா விசையுந்துகளும் மறைப்பற்றவையாகவே இருந்தன. 1980களில் பந்தய வடிவ வண்டிகள் பெருகியபோது, விழுந்து உடைந்த மறைப்புகளை மாற்றும் செலவைத் தவிர்க்கப் பிரித்தானிய ஓட்டுநர்கள் சிலர் அவற்றைக் கழற்றிவிட்டு, உயரமான ஹேண்டில்பாரைப் பொருத்தி ஓட்டினர். இவை ஸ்ட்ரீட்ஃபைட்டர் என அழைக்கப்பட்டன.

இத்தாலியின் டுகாட்டி நிறுவனத்துக்காக மிகுவேல் கல்லுட்சி வடிவமைத்த மான்ஸ்டர் 900, 1992 ஆம் ஆண்டு கொலோன் கண்காட்சியில் வெளியிடப்பட்டு 1993 இல் விற்பனைக்கு வந்தது. பிரித்தானியாவின் டிரையம்ப் நிறுவனம் 1994 இல் ஸ்பீட் டிரிப்பிளை அறிமுகப்படுத்தியது. கேடிஎம் நிறுவனத்தின் 990 சூப்பர் டியூக் 2005 இல் வந்தது. அதன் வழித்தோன்றலான 1290 சூப்பர் டியூக் ஆர், 2012 ஆம் ஆண்டு மிலான் கண்காட்சியில் முன்மாதிரியாகக் காட்டப்பட்டு, 2014 ஆம் ஆண்டு மாதிரியாக விற்பனைக்கு வந்தது. 2020 இல் வெளிவந்த டுகாட்டி ஸ்ட்ரீட்ஃபைட்டர் வி4 வண்டியின் திறன் 208 குதிரைத்திறன் ஆகும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், பந்தய வண்டியின் எளிய உருவமாகத் தொடங்கிய இவ்வகை, பந்தய வண்டிக்கு நிகரான திறனை எட்டிவிட்டது.

எண்களைப் படித்தல்

விற்பனை ஏடுகளில் தரப்படும் எண்களை ஒப்பிடுமுன் அவற்றின் அலகையும் அளவிடும் முறையையும் கவனிக்க வேண்டும். 1290 சூப்பர் டியூக் ஆர் 2014 மாதிரியின் அறிவிக்கப்பட்ட அளவுகள் பின்வருமாறு:

- எஞ்சின்: 75 பாகைக் கோணத்தில் அமைந்த இரு சிலிண்டர்கள், 1,301 கன செ.மீ.
- உயர்ந்தபட்சத் திறன்: நிமிடத்துக்கு 8,870 சுற்றுகளில் 132 கிலோவாட்
- உயர்ந்தபட்ச முறுக்குவிசை: நிமிடத்துக்கு 6,500 சுற்றுகளில் 144 நியூட்டன் மீட்டர்
- எரிபொருள் இல்லாத எடை: 189 கிலோகிராம்
- எரிபொருள் கொள்ளளவு: 18 லிட்டர்

இங்குள்ள 132 கிலோவாட் என்பது ஐரோப்பாவில் வழங்கும் மெட்ரிக் குதிரைத்திறனில் 180 ஆகவும், பிரித்தானியக் குதிரைத்திறனில் 177 ஆகவும் அமையும். ஒரே வண்டிக்கு இரு எண்கள் காணப்படுவதற்கு இதுவே காரணம். மேலும் இது எஞ்சினின் சுழல்தண்டில் கணக்கிடப்பட்ட திறன். கியர், செயின் ஆகியவற்றில் ஏற்படும் இழப்பால் பின்சக்கரத்தை அடையும் திறன் இதைவிடக் குறைவாகும். எனவே ஒரு வண்டியின் சுழல்தண்டுத் திறனை மற்றொன்றின் பின்சக்கரத் திறனுடன் ஒப்பிடுதல் தவறு.

எடையிலும் இதே குழப்பம் உண்டு. சில நிறுவனங்கள் எரிபொருள் நிரப்பிய எடையையும், சில எரிபொருள் இல்லாத எடையையும் தருகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 0.75 கிலோகிராம் என்பதால், 18 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 13 கிலோகிராமுக்கு மேல் கூட்டும்.

திறனின் எல்லை

விசையுந்து முடுக்கப்படும்போது அதன் எடை பின்சக்கரத்துக்கு மாறுகிறது. முடுக்கம் ஓர் எல்லையைத் தாண்டினால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். இவ்வெல்லை, ஓட்டுபவரையும் சேர்த்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது, பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு முன்னே உள்ளது என்பவற்றைப் பொறுத்தது. இவ்விரு தொலைவுகளும் சமமெனில், எல்லை புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாகும். அதாவது நொடிக்கு நொடி 9.8 மீட்டர். பெரும்பாலான சாலை விசையுந்துகள் இந்த அளவை ஒட்டியே அமைகின்றன.

வண்டி, எரிபொருள், ஓட்டுபவர் ஆகிய மூன்றின் மொத்த எடை 290 கிலோகிராம் எனக் கொள்வோம். முன்சக்கரம் எழும்பாமல் பின்சக்கரம் தரக்கூடிய உந்துவிசை ஏறத்தாழ 2,840 நியூட்டன் ஆகும். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கி வருவது. எனவே,

- மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பயன்படக்கூடிய திறன்: ஏறத்தாழ 47 கிலோவாட்
- மணிக்கு 100 கி.மீ. வேகத்தில்: ஏறத்தாழ 79 கிலோவாட்
- 132 கிலோவாட் முழுவதும் பயன்படத் தொடங்கும் வேகம்: மணிக்கு ஏறத்தாழ 167 கி.மீ.

இக்கணக்கில் உராய்வு இழப்பும் காற்றின் தடையும் சேர்க்கப்படவில்லை. எனினும் அளவின் போக்கை இது தெளிவாக்கும். இவ்வண்டி உருவான ஆஸ்திரியாவில் விரைவுச் சாலைகளின் பொது வேக எல்லை மணிக்கு 130 கி.மீ.; ஊர்களுக்கு வெளியேயுள்ள பிற சாலைகளில் 100 கி.மீ. அதாவது, தாய்நாட்டிலேயே சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டுபவர் ஒருவர் இவ்வண்டியின் முழுத் திறனையும் முடுக்கத்துக்குப் பயன்படுத்தும் வேகத்தை அடைய இயலாது. இதனால் 130 குதிரைத்திறன் வண்டிக்கும் 180 குதிரைத்திறன் வண்டிக்கும் இடையே சாலையில் உணரப்படும் வேறுபாடு எண்கள் காட்டும் அளவுக்குப் பெரிதன்று.

முறுக்குவிசைப் பரவல்

சாலையில் உணரப்படும் வேறுபாட்டைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, எந்தச் சுழற்சி வேகத்தில் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கிறது என்பதாகும். சூப்பர் டியூக் தன் உயர்ந்தபட்ச முறுக்குவிசையை எட்டும் 6,500 சுற்றுகளிலேயே ஏறத்தாழ 98 கிலோவாட் திறனைத் தந்துவிடுகிறது. 2023 மாதிரி டிரையம்ப் ஸ்ட்ரீட் டிரிப்பிள் 765 ஆர்எஸ் வண்டியின் மூன்று சிலிண்டர் எஞ்சினோ, ஏறத்தாழ 96 கிலோவாட் என்ற தன் உயர்ந்தபட்சத் திறனை 12,000 சுற்றுகளில் தருகிறது. அதன் முறுக்குவிசை 9,500 சுற்றுகளில் 80 நியூட்டன் மீட்டர்.

முதல் வண்டி கியர் மாற்றாமலே பாய்ந்து செல்லும். இரண்டாவது, அதிகச் சுற்றுகளில் வைத்து ஓட்டினால் மட்டுமே தன் முழு ஆற்றலைக் காட்டும். எது சிறந்தது என்பது ஓட்டும் இடத்தையும் ஓட்டுபவரையும் பொறுத்தது. ஆக்சிலரேட்டரைச் சிறிது தவறாகத் திருகினாலும் பெரும் விசை கிளம்பும் வண்டி, அனுபவம் குறைந்தவருக்கும் ஈரச் சாலைக்கும் பொருந்தாது.

ஆக்சிலரேட்டரின் மென்மையும் தனியே கவனிக்கத்தக்கது. 2014 மாதிரி யமஹா எம்டி-09 வண்டியின் எஞ்சின் பரவலாகப் பாராட்டப்பட்டது. ஆயினும் அதன் திடீர்த் துடிப்பும் மென்மையான சஸ்பென்ஷனும் அக்காலத்து மதிப்புரைகளில் குறைகளாகச் சுட்டப்பட்டன. பின்வந்த மாதிரிகளில் இவை படிப்படியாகத் திருத்தப்பட்டன. ஒரே பெயருள்ள வண்டியாயினும் ஆண்டுக்கு ஆண்டு இயல்பு மாறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

காற்றும் உடலும்

காற்றின் தடைவிசை வேகத்தின் இருமடிக்கும், அதை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கும் ஏற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். காற்றுமறைப்பு இல்லாத வண்டியில் இத்தடையின் பெரும்பகுதியை ஓட்டுபவரின் மார்பும் தலைக்கவசமும் தாங்குகின்றன. மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் கழுத்தும் கைகளும் சோர்வடையும். நெடுந்தொலைவுப் பயணமே நோக்கம் எனில் இவ்வகை வண்டியை மறுபரிசீலனை செய்தல் நன்று.

இதற்கு ஈடாக, நிமிர்ந்த அமர்வும் அகன்ற ஹேண்டில்பாரும் நகரிலும் வளைவுகள் நிறைந்த சாலைகளிலும் எளிதான கட்டுப்பாட்டைத் தருகின்றன. இருக்கையில் அமர்ந்து இரு கால்களும் தரையில் உறுதியாக ஊன்றுகின்றனவா, வண்டியை அமர்ந்தபடியே பின்னோக்கித் தள்ள முடிகிறதா, ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பும்போது முழங்கை நீண்டு விடுகிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும். பெரிய எஞ்சின்களின் வெப்பம் போக்குவரத்து நெரிசலில் தொடைகளைத் தாக்கும். வெப்ப நாடுகளில் இதைச் சிறு குறையாகக் கருத இயலாது.

பிரேக்கும் மின்னணுக் கட்டுப்பாடும்

நல்ல உலர்ந்த சாலையில் நொடிக்கு நொடி 8 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகவும், ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆவதாகவும் கொண்டால், வண்டி முழுவதும் நிற்பதற்குள் கடக்கும் தொலைவு பின்வருமாறு அமையும்:

- மணிக்கு 60 கி.மீ.: ஏறத்தாழ 34 மீட்டர்
- மணிக்கு 100 கி.மீ.: ஏறத்தாழ 76 மீட்டர்
- மணிக்கு 150 கி.மீ.: ஏறத்தாழ 150 மீட்டர்

திறன் மிகுந்த வண்டி மணிக்கு 100 கி.மீ. இலிருந்து 150 கி.மீ. வேகத்தைச் சில நொடிகளில் எட்டிவிடும். அதே நொடிகளில் நிற்கத் தேவையான தொலைவு இரு மடங்காகிறது. இவ்வகை வண்டிகளின் உண்மையான இடர் இதுவே.

சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு 1988 இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட புதிய மாதிரிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், விற்பனையாகும் எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதலும் இது கட்டாயமாக்கப்பட்டது. வண்டி சாய்ந்திருக்கும் கோணத்தை உணர்ந்து செயற்படும் மேம்பட்ட வகை, கேடிஎம் 1190 அட்வெஞ்சரின் 2014 மாதிரியில் முதலில் இடம்பெற்றது. வளைவில் சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடிக்க நேர்ந்தால் இது பெரிதும் உதவும். பழைய வண்டிகளில் இவ்வசதி உள்ளதா என்பதை ஆண்டுவாரியாக உறுதி செய்தல் வேண்டும்.

பின்சக்கரச் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பும், தெரிந்தெடுக்கக்கூடிய ஓட்ட நிலைகளும் அடுத்துக் கவனிக்க வேண்டியவை. சூப்பர் டியூக்கின் மழை நிலையில் திறன் ஏறத்தாழ 100 குதிரைத்திறனாகக் குறைக்கப்படுகிறது. எனினும் தேய்ந்த டயருக்கோ தவறான வேகக் கணிப்புக்கோ எந்த மின்னணு அமைப்பும் மாற்றாகாது.

சோதனை ஓட்டம்

சோதனை ஓட்டத்தில் வேகத்தைப் பார்ப்பதைவிடப் பின்வருவனவற்றைப் பார்ப்பது பயன் தரும்.

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்கச் செய்தல். முன்கூட்டியே சூடாக்கி வைக்கப்பட்ட வண்டி, தொடங்கும் சிக்கலையும் ஒலிகளையும் மறைக்கக்கூடும்.
2. மூன்றாம் கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை மூடி மெல்லத் திறத்தல். வண்டி வெட்டி இழுத்தால், நகரப் பயணம் களைப்பூட்டும்.
3. மிகக் குறைந்த வேகத்தில் முழு வட்டமாகத் திரும்புதல்.
4. மேடுபள்ளமான சாலையில் செல்லுதல். சஸ்பென்ஷன் மிக இறுக்கமாக இருந்தால் சக்கரம் துள்ளும்; மிகத் தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது முன்புறம் ஆழமாக அமிழும். சரிசெய்யும் வசதி உள்ளதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.
5. பின்னால் வாகனங்கள் இல்லாத நேரான சாலையில் படிப்படியாக அழுத்தம் கூட்டிப் பிரேக் பிடித்தல்.
6. நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடிகளில் உருவம் தெளிவாகத் தெரிகிறதா எனப் பார்த்தல். அதிர்வின் அளவை இது காட்டும்.

பயன்படுத்திய வண்டியை ஆய்தல்

2024 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த 1,350 கன செ.மீ. எஞ்சினுடைய 1390 சூப்பர் டியூக் ஆர், 1290 இன் இடத்தைப் பெற்றது. எனவே 1290 ஐ விரும்புபவர் பெரும்பாலும் பயன்படுத்திய வண்டியையே தேட வேண்டியுள்ளது.

மறைப்பற்ற வண்டி கீழே விழுந்தால் ஹேண்டில்பாரின் முனைகள், கிளட்ச் மற்றும் பிரேக் லீவர்களின் நுனிகள், ஃபுட்ரெஸ்ட் முனைகள், எஞ்சினின் பக்க மூடிகள், ரேடியேட்டர் ஆகியவை முதலில் அடிபடும். இவற்றுள் ஒருபுறம் மட்டும் புதிதாக இருப்பதும் ஓர் அறிகுறியே. ஹேண்டில்பார் திரும்பும் எல்லையில் சட்டகத்தைத் தொடும் தடுப்புமுனை நசுங்கியிருந்தால், பெரிய விபத்து நிகழ்ந்திருக்கக்கூடும். சட்டகம் வளைந்திருக்கிறதா என்பதை ஒரு தேர்ந்த மெக்கானிக் பார்க்காமல் அத்தகைய வண்டியை வாங்கலாகாது.

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். தடம் ஆழமாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிப் பிடிமானம் இழந்திருக்கும். பிரேக் வட்டில் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். செயின் சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டும். முன் ஃபோர்க் குழாய்களில் எண்ணெய்க் கசிவு உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவுச் சான்றிதழுடன் பொருந்துகின்றனவா, வங்கிக் கடன் நிலுவையில் உள்ளதா, பராமரிப்புப் பதிவுகள் முழுமையாக உள்ளனவா என்பவற்றை உறுதி செய்த பின்னரே விலை பேசுதல் முறை.

ஓட்டுநர் உரிமம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 முதல் நடைமுறையிலுள்ள முறைப்படி, 18 வயதில் பெறக்கூடிய ஏ2 உரிமம் 35 கிலோவாட்டுக்கு மேற்படாத வண்டிகளை மட்டுமே அனுமதிக்கிறது. அதைப்போல் இரு மடங்கான 70 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வண்டியைத் திறன் குறைத்து ஓட்டவும் இவ்வுரிமத்தில் இடமில்லை. ஆகவே 1290 சூப்பர் டியூக்கை எவ்வகையிலும் ஏ2 உரிமத்தில் ஓட்ட இயலாது. சிங்கப்பூரில் 200 கன செ.மீ. வரை, 400 கன செ.மீ. வரை, அதற்கு மேல் என மூன்று படிகள் உள்ளன. ஒவ்வொரு படிக்கும் இடையே குறைந்தது ஓராண்டு இடைவெளி வேண்டும்.

இந்தியாவில் இத்தகைய படிமுறை இல்லை. 18 வயது நிறைந்த ஒருவர் 100 கன செ.மீ. வண்டியில் தேர்வு எழுதிப் பெறும் கியருள்ள மோட்டார் சைக்கிள் உரிமமே 1,300 கன செ.மீ. வண்டிக்கும் போதுமானது. பிற நாடுகளில் சட்டம் செய்யும் மதிப்பீட்டை இங்கு வாங்குபவர் தாமே செய்துகொள்ள வேண்டியுள்ளது என்பதே இதன் பொருள். பூனாவுக்கு அருகிலுள்ள சக்கனில் பஜாஜ் நிறுவனம் தயாரித்து 2013 இல் இந்தியாவில் அறிமுகமான 390 டியூக்கின் திறன் ஏறத்தாழ 32 கிலோவாட். அதாவது பெரிய சூப்பர் டியூக்கின் நான்கில் ஒரு பங்கு. இத்தகைய வண்டியில் ஓரிரு ஆண்டுகள் பழகிய பின் பெரியதற்குச் செல்வது, ஐரோப்பியச் சட்டம் வகுத்த படிமுறையைத் தாமே கடைப்பிடிப்பதற்கு ஒப்பாகும்.

செலவு

வாங்கும் விலை மொத்தச் செலவின் ஒரு பகுதியே. இந்தியாவில் 2025 செப்டம்பர் 22 முதல் 350 கன செ.மீ.க்கு மேற்பட்ட விசையுந்துகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 40 விழுக்காடாக உயர்ந்தது. முழுமையாக இறக்குமதி செய்யப்படும் வண்டிகளுக்குச் சுங்கவரியும் சேரும். காப்புறுதி, சில ஆயிரம் கிலோமீட்டர்களிலேயே தேயும் மென்மையான பின் டயர், குறித்த காலத்தில் செய்ய வேண்டிய வால்வு இடைவெளிச் சோதனை ஆகியவை தொடர்ந்து வரும் செலவுகள். தலைக்கவசம், கையுறை, காலணி, பாதுகாப்பு மேலாடை ஆகியவற்றுக்கான தொகையையும் வண்டியின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

உதிரிப்பாகம் கிடைக்கும் தொலைவும் ஒரு செலவே. மேலும் தயாரிப்பாளரின் நிதிநிலையையும் பார்க்க வேண்டும். கேடிஎம் நிறுவனம் 2024 நவம்பரில் ஆஸ்திரியாவில் கடன்தீர்வு நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. 2025 பெப்ரவரியில் கடன் கொடுத்தோர் மறுசீரமைப்புத் திட்டத்தை ஏற்றனர். அதற்கான நிதியைப் பஜாஜ் வழங்கியது. நிறுவனம் தப்பியது. எனினும் பல ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணத்துடன் வாங்குபவர், உள்ளூர் விற்பனையகத்தில் பிரேக் பட்டை, கிளட்ச் தகடு, உணரிகள் போன்றவை எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை வாங்குமுன்பே கேட்டறிதல் நன்று.

ஓட்டுபவரை மதிப்பிடல்

மேற்கூறிய அனைத்தும் வண்டியைப் பற்றியவை. இறுதியாக எஞ்சுவது ஓட்டுபவர். அவசரத்தில் முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்தும் பழக்கம் உள்ளதா, வளைவில் நுழைந்தபின் அச்சத்தால் ஆக்சிலரேட்டரைத் திடீரென மூடுகிறாரா, தம் பயணங்களில் உண்மையில் எந்த வேகம் தேவைப்படுகிறது என்பன அவரே விடை காண வேண்டிய வினாக்கள். இத்திறன்களைச் சாலையில் சோதிப்பதைவிட, மூடிய தடத்தில் பயிற்றுநரின் முன் பயில்வது பாதுகாப்பானது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலுள்ள பந்தயத் தடத்தில் இத்தகைய பயிற்சிகள் நடத்தப்பட்டுள்ளன.

நல்ல மதிப்பீட்டின் முடிவு வாங்காமல் இருப்பதாகவும் அமையலாம். குறைந்த திறனுள்ள வண்டியை அதன் முழு அளவுக்கு அறிந்து ஓட்டுபவர், பெரிய வண்டியின் திறனில் பாதியையும் தொடத் தயங்குபவரைவிடச் சாலையில் விரைவாகவும் பாதுகாப்பாகவும் செல்வது உண்டு.

இவற்றையும் பார்க்க

- விசையுந்து
- முறுக்குவிசை
- குதிரைத்திறன்
- உள் எரி பொறி
- தலைக்கவசம்